செக்கை நிறுத்தினால் கம்பி எண்ண வேண்டுமா?

வாசகர் கேள்வி – பதில்: வங்கியும் வரவு செலவும்

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, சேமநிதிப் பணத்தில் டவுனுக்குப் பக்கத்தில் ஒரு தாமானில் பழைய வீடு வாங்கினோம். பின்பக்கம் சமையற்கட்டை இழுத்துக் கட்ட ஒரு காண்ட்ராக்டரைப் பிடித்தோம். மொத்தம் 18,000 வெள்ளி என்று பேச்சு. முன்பணம் 6,000 வெள்ளிக்கு ஒரு செக் கொடுத்தோம். அது உடனே மாறிவிட்டது. 'கூரைச் சாமானுக்கு' என்று சொல்லி இன்னொரு 7,000 வெள்ளிக்கு, பின்தேதி போட்டு, அப்போதே எழுதி வாங்கிக்கொண்டார். சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்ததோடு சரி, அப்புறம் ஆளே வரவில்லை. போன் எடுப்பதில்லை. ஆனால் 'தேதி வந்ததும் செக்கைப் போட்டுவிடுவேன்' என்று வாட்ஸ்அப்பில் மட்டும் செய்தி வருகிறது. செக்கை நிறுத்தச் சொல்கிறாள் மகள். 'செக்கை நிறுத்தினால் போலீஸ் கேஸ், உள்ளே தள்ளிவிடுவார்கள்' என்று கோயிலில் ஒருவர் சொன்னதில் இருந்து இவருக்கு இராத்தூக்கம் போய்விட்டது. சட்டப்படி நிறுத்தலாமா, கூடாதா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, உங்கள் கடிதம் வந்த அன்றே போனில் பேசிவிட்டேன். தேதி நெருங்கும் விஷயம், இதழ் அச்சாகும் வரை காத்திருக்க முடியாது. இதே பயத்தோடு எத்தனையோ வீடுகள் இருக்கும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தாராளமாக நிறுத்தலாம். செக் என்பது, 'என் கணக்கிலிருந்து இன்னாருக்கு இவ்வளவு கொடு' என்று உங்கள் வங்கிக்கு நீங்கள் எழுதும் உத்தரவு. வங்கி அதைப் பட்டுவாடா செய்யும் வரை, 'கொடுக்காதே' என்று சொல்லும் உரிமை எழுதியவர் கையில்தான் இருக்கிறது. நம் மலேசியாவில் செக்குகளுக்கு உள்ளது 1949-ஆம் ஆண்டு மாற்றுச்சீட்டுச் சட்டம். அதன் 75-ஆவது பிரிவுப்படி, வாடிக்கையாளர் நிறுத்தச் சொன்னதும் அந்தச் செக்குக்குப் பணம் கொடுக்கும் கடமையும் அதிகாரமும் வங்கிக்கு இல்லாமல் போகிறது. உங்கள் காரணம் நியாயமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது வங்கியின் வேலை அல்ல. படிவத்தில் காரணம் கேட்பார்கள், அது பதிவுக்காக. பின்தேதி போட்ட செக்குக்கும் இதே சட்டம்தான்.

சிறை என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். தமிழ்நாட்டுச் செய்தியில் 'செக் மோசடி வழக்கில் நடிகருக்குச் சிறை', 'தயாரிப்பாளருக்குப் பிடிவாரண்டு' என்று அடிக்கடி பார்க்கிறோம். அது இந்தியச் சட்டம். அங்கே 1881-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 138-ஆவது பிரிவு என்று ஒன்றைச் சேர்த்து 1989 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். செக் திரும்பினால் 2 ஆண்டு வரை சிறை, தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம். பணம் கொடுக்காதே என்று நிறுத்திய செக்கும் அந்தப் பிரிவுக்குள் வரும் என்று 1998-இல் இந்திய உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அங்கேகூட, கணக்கில் பணம் இருந்தது, நியாயமான காரணத்துக்காகத்தான் நிறுத்தினேன் என்று நிரூபிப்பவருக்கு வழி உண்டு. மலேசியாவில் அந்த 138-ஆவது பிரிவு மாதிரி ஒன்று கிடையாது. சென்னை நீதிமன்றச் செய்தியைக் கேட்டு சுங்கை சிப்புட்டில் ஒருவர் தூக்கம் இழப்பது எனக்குப் பெரிய வருத்தமாக இருக்கிறது.

நம் நாட்டில் குற்றமாகும் சந்தர்ப்பம் வேறு. கொடுக்கும்போதே ஏமாற்றும் எண்ணத்தோடு செக் கொடுத்தால் அது மோசடி. கணக்கில் காசு இல்லை, செக் திரும்பும் என்று தெரிந்துகொண்டே அதைக் காட்டிப் பொருள் வாங்கினால், குற்றவியல் சட்டத்தின் 415, 420 ஆகிய பிரிவுகள் பாயும். 420-க்கு 1 ஆண்டுக்குக் குறையாமல் 10 ஆண்டு வரை சிறை, பிரம்படி, அபராதம். சரக்கை வாங்கிக் கடையில் இறக்கிவிட்டு, மறுநாள் செக்கை நிறுத்தலாம் என்று முதலிலேயே திட்டம் போட்டு வைத்திருப்பவரும் இந்த வலையில் விழலாம். நீங்கள் அந்த ரகம் இல்லை. நேர்மையாகக் கொடுத்தீர்கள், அவர் வேலையை விட்டுவிட்டுப் போனார், அதற்குப் பிறகுதான் நிறுத்துகிறீர்கள். அவர் போலீசில் ரிப்போர்ட் கொடுத்தாலும், ரிப்போர்ட் என்பது ஒரு பக்கத்துப் பேச்சைப் பதிவு செய்யும் தாள்தான். கூப்பிட்டால் உங்கள் பக்கத்தையும் காகிதத்தோடு போய்ச் சொல்லுங்கள்.

இனி சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். செக்கை நிறுத்துவது பணம் போவதைத்தான் நிறுத்தும். கடன் ஒன்று உண்மையிலேயே இருந்தால், அது அப்படியே நிற்கும். செக்கில் கையெழுத்துப் போட்டவர், 'இது மாறும், மாறாவிட்டால் ஈடு செய்வேன்' என்று வாக்குக் கொடுத்தவராகவே சட்டம் பார்க்கிறது. அதனால் காண்ட்ராக்டர், ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், திரும்பிவந்த அந்தச் செக்கை மட்டும் வைத்தே சிவில் வழக்குப் போட முடியும். 1,00,000 வெள்ளிக்குள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். தோற்றால் தொகை, வட்டி, செலவு மூன்றும் உங்கள் தலையில்.

நீதிமன்றங்கள் செக்கைக் கிட்டத்தட்ட ரொக்கமாகவே நினைக்கின்றன. அதனால் அந்த வழக்கில் 'வேலை சுமார்தான் ஐயா', 'சுவர் கொஞ்சம் கோணல்' என்று சொல்வது பெரிய தற்காப்பாக எடுபடாது. கோணலுக்கு நஷ்டஈடு வேண்டுமானால் தனியாகக் கேள் என்று சொல்லிவிடுவார்கள். எடுபடுவது எது? ஏமாற்றி வாங்கினார் என்பது எடுபடும். அதைவிட உங்களுக்கு முக்கியம், எதற்காகச் செக் கொடுத்தீர்களோ அது அடியோடு கிடைக்கவில்லை என்பது. 7,000 வெள்ளி கூரைச் சாமானுக்கு. உங்கள் வீட்டில் ஒரு ஓடு இல்லை, ஒரு மரச்சட்டம் இல்லை, இரும்புக் கம்பிகூட வந்து இறங்கவில்லை. அந்தச் செக்குக்குப் பதிலாக உங்கள் கைக்கு வந்தது பூஜ்யம். செங்கல் வேலைக்கு 6,000 ஏற்கனவே போய்விட்டது. இந்த இரண்டையும் கலக்காமல் பிரித்துக் காட்ட முடிந்தால் உங்கள் பக்கம் பலமாக இருக்கும். 'கூரைச் சாமானுக்கு' என்று அவர் எங்காவது எழுதியிருக்கிறாரா? குவட்டேஷன், ரசீது, வாட்ஸ்அப், எதுவாக இருந்தாலும் அழிக்காதீர்கள். ஜன்னல் உயரத்தில் நிற்கும் சுவரை நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

இன்னொரு ஆபத்து. நம் ஊர் காண்ட்ராக்டர்கள் சிலர் வாங்கிய செக்கைத் தங்கள் கணக்கில் போடாமல், ஹார்ட்வேர் கடைக் கடனுக்குக் கைமாற்றி விடுவார்கள். அந்தக் கடைக்காரர் ஒன்றும் தெரியாமல், நல்லெண்ணத்தில், சரக்குக் கொடுத்து அதை வாங்கியிருந்தால், உங்களுக்கும் காண்ட்ராக்டருக்கும் உள்ள தகராறு அவரைக் கட்டுப்படுத்தாது. அவர் உங்களிடமே பணம் கேட்கலாம். உங்கள் மகளிடம் செக் புத்தகத்தின் அடிக்கட்டையைப் பார்க்கச் சொன்னேன். செக்கில் இரண்டு கோடு கிழித்து 'ஏ/சி பேயீ ஒன்லி' என்று எழுதி, பெயருக்குப் பின்னால் அச்சிட்டிருக்கும் 'அத்தாவ் பெம்பாவா' (அல்லது கொண்டுவருபவருக்கு) என்ற சொல்லையும் அடித்துவிட்டதாகச் சொன்னார். மிக நல்ல பழக்கம். அந்தச் செக் காண்ட்ராக்டர் கணக்கு வழியாகத்தான் போயாக வேண்டும்.

எப்படி நிறுத்துவது? வங்கிக் கிளைக்கு அடையாள அட்டை, செக் புத்தகத்தோடு நேரில் போங்கள். நிறுத்தும் படிவம் கேளுங்கள். கணக்கு எண், செக் எண், தேதி, யார் பெயருக்கு, தொகை, காரணம், கையெழுத்து. வங்கி கட்டணம் பிடிக்கும். முத்திரை குத்திய நகல் ஒன்று வாங்காமல் வெளியே வராதீர்கள். இணைய வங்கியிலும் செய்யலாம், ஆனால் பெரியவர்களுக்கு நான் கவுண்டரைத்தான் சொல்வேன், கையில் ஒரு தாள் மிஞ்சும்.

செக் எண்ணில் மட்டும் கண்ணும் கருத்துமாக இருங்கள். நான் வங்கியில் நடப்புக் கணக்குப் பிரிவில் இருந்த காலத்தில், ஒரு மளிகைக் கடைக்காரர் செக்கை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அடிக்கட்டையைக் கடையில் வைத்துவிட்டு ஞாபகத்தில் இருந்து எழுதியதில் கடைசி இலக்கம் பிசகிவிட்டது. உண்மையான செக் வந்தபோது தடையில்லாமல் மாறிப் போனது. வங்கிமேல் குற்றம் சொல்லவும் வழியில்லை. இதே தகராறு 1926-இல் இங்கிலாந்தில், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போயிருக்கிறது. அதுவும் பின்தேதி போட்ட செக்தான். வாடிக்கையாளர் தந்தியில் தவறான எண்ணைக் கொடுத்துவிட்டார், வங்கி வேறு செக் என்று நினைத்துப் பணம் கொடுத்துவிட்டது. வங்கிக்குப் பொறுப்பில்லை என்று தீர்ப்பு. நம் சட்டம் அந்த வேரில் இருந்து வந்ததுதான். செக் எண்தான் அதன் அடையாளம். பெயரும் தொகையும் துணைக்குத்தான்.

நேரமும் முக்கியம். சொன்னது வங்கியின் கவனத்துக்கு உண்மையிலேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 1908-இல் ஒரு வழக்கில், நிறுத்தச் சொல்லி அனுப்பிய தந்தி வங்கியின் தபால் பெட்டியிலேயே கிடந்துவிட்டது, யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. நிறுத்தியதாகவே ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்போது செக்கின் படம்தான் வங்கிக்கு வங்கி போகிறது. இன்று போட்டால் பெரும்பாலும் அடுத்த வேலை நாளுக்குள் முடிந்துவிடும். அதனால் தேதி வருவதற்கு முன்பே போங்கள்.

முறையாக நிறுத்திய பிறகும் வங்கி கவனக்குறைவாகப் பணம் கொடுத்துவிட்டால், உங்கள் உத்தரவு இல்லாமல் உங்கள் கணக்கில் கை வைக்க அதற்கு அதிகாரமில்லை, திருப்பி வரவு வைக்கச் சொல்லி எழுதிக் கேளுங்கள். கேட்கவில்லை என்றால் வங்கித் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் நிதிச் சந்தை ஒம்பட்ஸ்மன் சேவையிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். அது 2025 ஜனவரியில் இருந்து செயல்படுகிறது.

7,000 வெள்ளியைக் கணக்கை விட்டு எடுக்காதீர்கள் என்று போனிலும் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். பணம் இருந்தும் நிறுத்தினேன் என்பதுதான் உங்கள் நேர்மைக்கு அத்தாட்சி. காசில்லாமல் திரும்பும் செக் வேறு கதை. 12 மாதத்துக்குள் அப்படி மூன்று திரும்பினால் நடப்புக் கணக்கையே மூடிவிடுவார்கள். கையில் காசில்லாத மாதத்தில், திரும்பும் செக்கை மறைப்பதற்காக 'நிறுத்து' என்று எழுதிக் கொடுப்பவர்களைக் கவுண்டரில் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள். கடன்காரரிடம் தவணை கேளுங்கள்.

நிறுத்திய அன்றே காண்ட்ராக்டருக்கும் எழுதித் தெரிவியுங்கள். 'கூரை வேலை தொடங்கவே இல்லை, அதனால் இன்ன எண்ணுள்ள செக்கை நிறுத்தியிருக்கிறேன், இத்தனை நாளுக்குள் வேலையைத் தொடர்ந்தால் புதிய செக் தருவேன்.' இவ்வளவு போதும். திட்டு, சாபம், மிரட்டல் ஒன்றும் வேண்டாம், அந்தத் தாளை நாளைக்கு நீதிபதி படிப்பார்.

கொடுத்த 6,000 வெள்ளிக்கு உரிய வேலை நடக்கவில்லை என்று நினைத்தால், முதல் அடியை நீங்களே வைக்கலாம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். கட்டணம் 5 வெள்ளி. வக்கீல் வேண்டியதில்லை. மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே வந்த தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அதுவே குற்றமாகும். விண்ணப்பத்தை இணையத்தில் மகள் நிரப்பிவிடுவார். பெருமாள் கோயில் வாசலில் கேட்ட ஆலோசனைக்கு இது எவ்வளவோ மேல்.

உங்கள் வீட்டுக்காரரிடம் இந்த ஒன்றைப் படித்துக் காட்டுங்கள். கிராணி நீட்டிய தாளில் கைநாட்டோ கையெழுத்தோ போட்டால் அதற்குமேல் பேச்சில்லை என்ற ஊரில் நாமெல்லாம் வளர்ந்தோம். அந்தப் பயத்தைத்தான் இந்த மாதிரி ஆட்கள் மூலதனமாக வைத்திருக்கிறார்கள். உங்கள் செக்கில் இருப்பது உங்கள் கையெழுத்து, உங்கள் பணம். அதை நிறுத்திவைக்கும் உரிமையைச் சட்டம் உங்களுக்குத்தான் கொடுத்திருக்கிறது.

கேள்வி: எனக்கு வந்த காப்புறுதி செக்கைச் சட்டைப் பையிலேயே வைத்து வாஷிங் மெஷினில் போட்டுவிட்டார்கள். கூழாகிவிட்டது. நான் என் வங்கிக்குப் போய் அந்தச் செக்கை நிறுத்தச் சொல்லலாமா? – இளைஞர், லிந்தாங்

பதில்: முடியாது தம்பி. நிறுத்தும் உரிமை செக் எழுதியவருக்கு மட்டும்தான், பெற்றவருக்கு இல்லை. உங்கள் வங்கிக்கும் இதில் வேலை இல்லை. காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதி, பழையதை நிறுத்திவிட்டுப் புதிது தரச் சொல்லுங்கள். பழைய செக் பின்னால் வந்து சேர்ந்து நிறுவனத்துக்கு நஷ்டமானால் நான் பொறுப்பு என்று ஓர் உறுதிக் கடிதம் கேட்பார்கள். அது வழக்கம்தான், கையெழுத்துப் போடலாம். மிஞ்சிய கூழைத் தூக்கிப் போடாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்திருங்கள். எண் தெரிந்தால் அவர்கள் வேலை சுலபமாகும்.

கேள்வி: இப்போதெல்லாம் யார் செக் எழுதுகிறார்கள்? டுயிட்நவ்வில் (வங்கிகளின் உடனடிப் பணமாற்றுச் சேவை) அனுப்பிய பணத்தை இதே மாதிரி நிறுத்த முடியுமா? – வாசகர், ஈப்போ

பதில்: முடியாது. அனுப்பிய நொடியில் அது அவர் கணக்கில். ஏமாற்றிப் பறித்த பணம் என்றால் உடனே உங்கள் வங்கியையும் 997 என்ற தேசிய மோசடித் தடுப்பு மையத்தையும் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவு நல்லது. ஆனால் காண்ட்ராக்டர் வேலை செய்யவில்லை என்ற தகராறுக்கு அந்த எண் இல்லை. வங்கி டிராப்டையும் இப்படி நினைத்தபோது நிறுத்த முடியாது, அது வங்கியே தரும் வாக்கு. அதனால்தான் வீட்டு வேலை மாதிரி பல கட்டமாகப் பணம் கொடுக்கும் காரியத்துக்கு இன்னும் செக் நல்லது என்கிறேன். அதிலும் பின்தேதி போட்டு முன்கூட்டியே கொடுக்காதீர்கள். அந்தந்த வேலை முடிந்த பிறகு அந்தந்தச் செக்கை எழுதுங்கள்.

கேள்வி: ஐயா, என் அண்ணன் இறப்பதற்கு முந்தைய வாரம் எனக்கு 3,000 வெள்ளிக்குச் செக் கொடுத்தார். நான் அவருக்குக் கைமாற்றாகக் கொடுத்திருந்த பணம் அது. காரியமெல்லாம் முடிந்து வங்கியில் போட்டேன், திரும்பி வந்துவிட்டது. அண்ணி நிறுத்தியிருப்பாரோ என்று மனம் கஷ்டப்படுகிறது. – வாசகி, குவாலா கங்சார்

பதில்: அண்ணியைச் சந்தேகிக்க வேண்டாம் அம்மா. நான் மேலே சொன்ன அதே 75-ஆவது பிரிவில் இரண்டாவது காரணமும் இருக்கிறது. வாடிக்கையாளர் இறந்த செய்தி வங்கிக்கு எட்டியதும், அவர் எழுதிய செக்குக்குப் பணம் கொடுக்கும் அதிகாரம் தானாகவே முடிந்துவிடும், யாரும் நிறுத்தச் சொல்லத் தேவையில்லை. உங்கள் கடன் அதனால் அழிந்துவிடவில்லை. அவர் சொத்தை நிர்வகிக்க யார் நியமிக்கப்படுகிறாரோ அவரிடம், கடன் கொடுத்தவராக உங்கள் பெயரைப் பதிவு செய்யுங்கள். சொத்தைப் பிரிப்பதற்கு முன் கடன்களைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். திரும்பி வந்த செக்கும், நீங்கள் பணம் கொடுத்ததற்கான வங்கிக் கணக்குப் பக்கமும் இருந்தால் போதும். அண்ணியிடம் ஒரு வார்த்தை நேரில் சொல்லிவிட்டு, அந்த இரண்டுக்கும் நகல் எடுத்துக் கொடுங்கள்.